நான்கு நாள் வருகைப் பதிவு

இரண்டு இடங்களும் ஒரே வாரத்தில் கிடைத்தன. இரண்டிலும் கணினி அறிவியல். ஒன்று பெங்களூரில், ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில், மரங்கள் மூடிய வளாகம். நாட்டில் யாரைக் கேட்டாலும் பெயர் தெரிந்த இடம். இன்னொன்று வடக்கே, முப்பத்தெட்டு மணி நேர ரயில் பயணத்தில். அதன் பெயரும் எல்லோருக்கும் தெரியும். கணினி அறிவியலுக்கு அதுதான் ஒரு படி மேல் என்று சொல்பவர்கள் அதிகம். மோனிகா வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை ஏற்க வேண்டும். தவறினால் வடக்கிலுள்ள இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வடக்கிலுள்ள அந்த வளாகத்தில்தான் ஐந்து வருடங்களுக்கு முன் அவளுடைய அண்ணன் கிஷோர் இறந்தான். அதே துறை, மூன்றாம் ஆண்டு.

வீட்டில் இதை யாரும் முழு வாக்கியமாகச் சொல்வதில்லை. ‘இந்தக் காலேஜ்’, ‘அந்தக் காலேஜ்’ என்பார்கள். அந்தக் காலேஜ் என்று சொல்லும்போது அப்பா ஜெயவேலு சுவரைப் பார்ப்பார். சுவரில் புத்தர் படமும் அதற்குக் கீழே கிஷோரின் படமும் இருந்தன. அது முதலாண்டில் அடையாள அட்டைக்காக எடுத்தது. காதுகள் சற்றுத் தள்ளி நின்றன. படம் எடுக்கும் நேரம் பார்த்து யாரோ சிரிக்க வைத்திருந்தார்கள்.

கிஷோர் இறந்த வாரத்தைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த விடுதியில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் அட்டை. வகுப்பு வாசலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் அதைத் தட்ட வேண்டும். தட்டியது பெற்றோருக்கான இணையதளத்தில் உடனே தெரியும். அம்மா தனலக்ஷ்மி தினமும் அதைப் பார்ப்பார். அந்தத் திங்கட்கிழமை முதல் கிஷோர் போனை எடுக்கவில்லை. ஆனால் அவன் பெயருக்கு எதிரே காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பச்சைக் குறி விழுந்துகொண்டிருந்தது. சாப்பிட்டிருக்கிறான், பரீட்சை நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மாதான் அப்பாவிடம் சொன்னார். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை காலை விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய பம்ப் அறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது என்று டாக்டர் எழுதினார்.

யார் தட்டினார்கள் என்று நிறுவனம் சொல்லவில்லை. இயந்திரக் கோளாறு என்று ஒரு கடிதம் வந்தது. தட்டியவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி அம்மா ஒரு புகார் எழுதினார். அப்பா அதில் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அம்மா அவரோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

அந்தத் தளத்தில் அம்மாவின் கணக்கை யாரும் மூடவில்லை. மறந்திருப்பார்கள். கடவுச்சொல் இன்றும் வேலை செய்தது. அல்சூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்த்த தனலக்ஷ்மி, நோயாளிகள் இல்லாத மதிய நேரத்தில் அதைத் திறப்பார். பன்னிரண்டு பச்சைக் குறிகள் அப்படியே இருக்கும். ஒருமுறை மோனிகா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்காமல் அவர் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

மோனிகாவின் போனில் இருப்பிடம் காட்டும் வசதி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அது வீட்டு விதி. அம்மாவின் திரையில் அவள் ஒரு நீலப் புள்ளி. பஸ்ஸில் சுரங்கப் பாதைக்குள் போய்ப் புள்ளி நின்றுவிட்டால் போன் வரும். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் அந்தப் புள்ளியாகத்தான் வளர்ந்தாள்.

எனவே அம்மா என்ன விரும்பினார் என்பதில் குழப்பம் இல்லை. இந்தக் காலேஜ். எட்டு கிலோமீட்டர். அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு பட்டறையில் துளையிடும் இயந்திரத்தில் வேலை. விடிவதற்கு முன் மெட்ரோ பிடித்துப் போகிறவர். கேட்டால் “உன் இஷ்டம்மா” என்பார். சொல்லும்போது கையிலிருக்கும் சாவிக் கொத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அதில் தங்கவயல் சுரங்கத்தில் அவர் வேலை பார்த்த ஐந்து வருடத்தின் மிச்சமாக எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை தொங்கியது. வாசலுக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

மோனிகா அந்தக் காலேஜை விரும்பினாள். அங்கே படிக்க நினைத்த பாடத்துக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் தனக்குள்கூடச் சத்தமில்லாமல்தான் சொல்லிக்கொண்டாள். இங்கே இருந்தால் அவள் கிஷோருக்குப் பிறகு மீந்தவள். அங்கே போனால், அந்தப் பம்ப் அறையைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஒருவேளை வேறு யாராகவாவது ஆகலாம். அதேசமயம் அந்த ஊரின் பெயரைத் திரையில் பார்த்தாலே அவள் அந்தப் பக்கத்தை மூடிவிடுவாள்.

யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. கிஷோரின் அறைத் தோழன் பெயர் நோயல், தூத்துக்குடிக்காரன். இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் கிடைத்தான். பெங்களூரில்தான் வேலை, ஒயிட்ஃபீல்டில். யார் என்று எழுதி ஒரு செய்தி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டான் என்று திரை காட்டியது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. புதன்கிழமை மூன்றரை, கடுகோடி மெட்ரோவுக்குக் கீழே டீக்கடை.

புதன்கிழமை என்பது கெடுவுக்கு முந்தைய நாள். அம்மாவிடம் சொன்னால் விடமாட்டார். மோனிகா தன் போனை ஸ்னேஹாவிடம் கொடுத்துவிட்டு இந்திராநகர் நூலகத்தில் உட்காரச் சொன்னாள். ஸ்னேஹா பள்ளியிலிருந்து கூடப் படித்தவள், எதற்கும் சிரிப்பவள். “லவ்வாடி? நெஜமா சொல்லு, எந்த ஏரியா?” என்று கேட்டாள். கவலைப்படாதே, அம்மா மெசேஜ் போட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

கடுகோடியில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையை ஸ்னேஹாவிடமே விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. தலையைக் குனிந்தபடி சாலையைக் கடந்தவள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியைக் கவனிக்கவில்லை. யாரோ லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார்கள். சக்கரம் அவள் பையை உரசி நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கன்னடத்தில் திட்டினார். கண்ணு தெரியலையா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா என்பதுபோல ஏதோ. ஒரு நிமிடம் கடையோரமாக நின்றுவிட்டுப் போனாள்.

நோயல் அவளுக்கு முன்பே வந்திருந்தான். இருபத்தாறு வயதுக்கு முன்நெற்றி அதிகம். கழுத்தில் அலுவலக அட்டை. அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் காதுகளைத்தான் முதலில் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு இருந்த அதே காதுகள்.

இரண்டு டீ சொன்னான். பிறகு அவள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

“நான்தான் தட்டினேன்.”

டீக்கடையில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிக் கேட்பதற்கு மோனிகா முன்னால் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. ஞாயிறு இரவு கிஷோர் தன் அட்டையை அவனிடம் கொடுத்தான். ரெண்டு நாள் எங்கேயாவது தனியாகப் போய்விட்டு வருகிறேன், தட்டிக்கொண்டிரு, இல்லாவிட்டால் அம்மா பயந்துவிடுவாள் என்றான். எல்லோரும் எல்லோருக்கும் செய்கிறதுதான். நோயலுக்கே கிஷோர் முந்தின மாதம் ஒரு வாரம் தட்டியிருந்தான். ரெண்டு நாள் நாலு நாளானபோது நோயல் பயந்தான். ஆனால் வார்டனிடம் சொன்னால் கிஷோர் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தான்.

“கார்டைத் தட்டினா ஒரு தட்டு சாப்பாடு வந்துரும். வாங்காம விட்டா சந்தேகம் வரும். ஒவ்வொரு வேளையும் ரெண்டு தட்டு எடுத்துட்டு ரூமுக்கு வருவேன். ஒண்ண அவன் மேசைல மூடி வைப்பேன். அடுத்த வேளை அதக் கொட்டிட்டுப் புதுசு வைப்பேன்.” நோயல் டீயைக் கையில் எடுக்கவில்லை. “இப்பவும் ஆபீஸ் கேண்டீன்ல ரெண்டு தட்டு எடுத்துர்றேன். எடுத்தப்புறந்தான் தெரியும்.”

ஏன் அப்படிச் செய்தான் என்று அவள் கேட்டாள். அண்ணனைப் பற்றித்தான் கேட்டாள். நோயலுக்கு ஒரே காரணமாகச் சொல்லத் தெரியவில்லை. முதல் நாளே ரேங்க் கேட்பார்கள், அந்த எண்ணை வைத்து நீ எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் வந்தவன் என்று கண்டுபிடிப்பார்கள், பிறகு மூன்று வருடமும் அதை வைத்துத்தான் பேசுவார்கள் என்றான். அவளையும் கேட்பார்கள் என்றான். தெரியும், கோச்சிங்கிலேயே கேட்டார்கள் என்றாள் மோனிகா. இரண்டு பாடத்தில் தோற்றதைக் கிஷோர் வீட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று நோயலுக்குத் தெரியாது.

“நான் அங்க போகலாமாண்ணா?”

“அத என்கிட்ட கேக்காத.” டீயைச் சற்றுத் தள்ளி வைத்தான். “நல்ல எடம்தான். அதுதான் கஷ்டமே. கெட்ட எடமா இருந்தா போகாதன்னு சொல்லிட்டு நான் நிம்மதியா இருப்பேன். அவன் லேப்ல உக்காந்துட்டான்னா சாப்பாட்டுக்குக் கூப்பிட நான்தான் போகணும். அவ்வளவு பிடிச்சிருந்துச்சு அவனுக்கு.”

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே நீல நாடாவோடு கிஷோரின் அட்டை. சுவரில் இருக்கும் அதே படம். ஓரங்கள் தேய்ந்திருந்தன.

மோனிகா வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. வழியில் ஸ்னேஹாவிடம் போனை வாங்கிக்கொண்டாள். படிக்கட்டில் ஏறும்போதே திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். கதவைத் திறந்தால் அம்மா சமையலறையில் ஏதோ முணுமுணுத்தபடி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து அவள் பல மாதங்களாகப் பார்த்ததில்லை.

“வந்துட்டியா மோனி. நனஞ்சிட்டியா? கொட இருக்குதுன்னியே.” துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். “மத்தியானம் நீ சாப்ட்டேன்னு போட்டப்புறம்தான் நானும் சாப்ட்டேன். லெமன் ரைஸ் நல்லா இருந்துச்சா?”

மோனிகா போனைத் திறந்து பார்த்தாள். சாப்டியா என்று அம்மா கேட்டிருந்தார். சாப்டேன்மா, லெமன் ரைஸ் என்று பதில். மழை வருது, குடை இருக்குதா. இருக்கும்மா. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அந்தக் கடைசிப் பதிலின் நேரம் மூன்று மணி இருபத்தாறு நிமிடம். லாரிச் சக்கரம் அவள் பையை உரசியபோது ஏறக்குறைய அதே நேரம்தான்.

அவள் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இன்றைக்கு ஒரு குறையும் இல்லை. புள்ளி நூலகத்தில் இருந்தது. மகள் சாப்பிட்டிருந்தாள். அவள் அந்தச் சாலையிலேயே கிடந்திருந்தாலும் அம்மா இப்போது இதே வெங்காயத்தைத்தான் அரிந்துகொண்டிருப்பார். நான்கு நாள் எப்படிப் போயிருக்கும் என்பது ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் புரிந்தது.

அப்பா வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தாள். அவர் சாவியை ஆணியில் மாட்டி, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி உட்கார்ந்த பிறகு, போன் தன் கையில் இல்லை என்பதிலிருந்து தொடங்கினாள். நூலகத்துக்கே போகவில்லை என்றாள். கடுகோடி, லாரி, நோயல், இரண்டு தட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் அம்மா தன் போனை எடுத்து மோனிகாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது?”

“ஸ்னேஹா அனுப்பினதும்மா.”

“இது?”

“அதுவும் ஸ்னேஹாதான்.”

“இந்த ஹார்ட்டு?”

மோனிகா தலையாட்டினாள்.

“நீ எனக்கு இது போட்டதே இல்ல. இன்னிக்கிதான் போட்டேன்னு நெனச்சேன்.” அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு வேறொன்று கேட்டார். “அந்தப் பையன் மேசைல இன்னா வெச்சானாம்? சாப்பாடு இன்னா?”

“ஒரு நாள் ராஜ்மா சாதம்னு சொன்னாரு. அண்ணன் தொடமாட்டான்னு தெரிஞ்சும் வெச்சேன்னாரு.”

“தொடமாட்டான்,” என்றார் அம்மா.

மோனிகா உறையைப் பிரித்து அட்டையைக் கொடுத்தாள். அம்மா படத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் இருபுறமும் துடைத்தார். பிறகு எழுந்து வாசல் பக்கம் போனார். சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி காலியாக இருந்தது. கிஷோர் பள்ளிப் பையை மாட்டிய ஆணி. நாடாவை விரித்து அதில் போடப் போனார்.

“அத அங்க மாட்டாத,” என்றார் அப்பா.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

ஜெயவேலு தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். சுரங்கத்தில் கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் எண் போட்ட வில்லையை எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் பலகையில் தன் எண்ணுக்கு நேரே மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இதுவரை மோனிகாவுக்கும் தெரியும். ஆனால் அடுத்து அவர் சொன்ன, கூட வேலை பார்த்த உத்தமன் என்ற பெயரை அவள் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை என்பது அவர் திரும்பிய விதத்தில் தெரிந்தது.

“ஷிஃப்ட்டு முடிஞ்சி, மேல ஏத்துற கூண்டுக்கு லைன்ல நிக்கிறோம். என் நம்பர் வந்துடுச்சி, உத்தமனுக்கு அடுத்த கூண்டு. வில்லைய என் கையில குடுத்தான். ‘மாட்டிடு மச்சான், நான் வந்து நேரா சைக்கிள எடுத்துகினு போயிடுறேன், பொண்ணு பொறந்துருக்குது’ன்னான். மாட்டிட்டு நான் வூட்டுக்குப் போயிட்டேன். அவன் நின்ன எடத்துலதான் பாறை வுழுந்துது. மேல எண்ணிப் பாத்தாங்க. பலகைல எல்லா வில்லையும் இருந்துச்சி. தேட யாரும் எறங்கல. காலைல அவன் பொண்டாட்டி கைக்கொழந்தையோட கேட்டுக்கு வந்து நின்னப்பதான் தெரிஞ்சிது.”

அம்மா திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அட்டை அவர் மடியில் இருந்தது.

“அதான் கையெழுத்துப் போடலியா?”

“எவனோ ஒரு பையன் நல்லதுக்குன்னு செஞ்சிருப்பான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் தனம். அவன் மூஞ்சிய நான் பாக்க விரும்பல.”

வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா எழுந்து அரிந்து வைத்த வெங்காயத்தை வதக்கினார். மூவரும் சாப்பிட்டார்கள். அட்டையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் படுத்த வாக்கில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை அம்மா கிளினிக்குக்கு லீவு சொன்னார். அப்பா மதியம் திரும்பி வந்துவிட்டார். நான்கு மணிக்கு மோனிகா லேப்டாப்பைத் திறந்தாள். இங்கேயே சேர்ந்துவிடுகிறேன் என்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது.

“எனக்காகவா?” என்றார் அம்மா.

அவள் இந்தக் காலேஜின் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

“எனக்காக வேணாம். இங்க இருந்தா மட்டும் எனக்கு இன்னா தெரிஞ்சிது? நேத்து நீ லாரிக்கு அடியில நின்னே, நான் லெமன் ரைஸுன்னு சந்தோஷமா உக்காந்துருந்தேன். எட்டு கிலோமீட்டரும் ஒண்ணுதான், ரெண்டாயிரம் கிலோமீட்டரும் ஒண்ணுதான்.” மேசைமேல் கிடந்த ஒரு நூல் இழையைப் பொறுக்கிப் பந்தாக உருட்டினார். “உனக்கு எது வேணுமோ அத அமுத்து. ஆனா நெஜமா சொல்லு. ரெண்டு பாடத்துல பெயிலானா பெயிலாயிட்டேன்னு சொல்லு. வந்துடணும்னு தோணிச்சின்னா வந்துடு. எவளயும் விட்டு ஹார்ட்டு போட வெக்காத.”

நான்கு இருபது வரை மோனிகா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விடவில்லை. போகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. மேசையில் மூடி வைத்த தட்டு, அதைக் கொட்டிவிட்டு இன்னொன்று என்று மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. லேபில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று நோயல் சொன்னதும் கூடவே ஓடியது. வடக்கிலுள்ள இடத்துக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த பக்கத்தில் ஒரு படிவம் திறந்தது. பெற்றோரின் போன் எண் கேட்டது. அம்மாவின் எண்ணைப் போட்டாள். சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது என்று ஆங்கிலத்தில் வந்தது. அதற்குக் கீழே மாணவர் பெயர்: கிஷோர் ஜெயவேலு. இதே கணக்கில் இன்னொரு மாணவரைச் சேர்க்கவா, அல்லது வேறு எண் கொடுக்கிறீர்களா?

மூவரும் அதைப் பார்த்தார்கள். வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் விலை சொல்லிக்கொண்டு போனார்.

“என் நம்பர் போடும்மா,” என்றார் அப்பா.

“வேணாம்,” என்றார் அம்மா. “இதுலயே சேத்துடு.”

மோனிகா சேர்த்தாள். அண்ணன் பெயருக்குக் கீழே அவள் பெயர் வந்தது. ஒரு கடைசிக் கேள்வி மிச்சம் இருந்தது. வருகைப் பதிவு பற்றிய தினசரி அறிவிப்பைப் பெற விரும்புகிறீர்களா? கட்டத்தில் அவர்களே குறி போட்டு வைத்திருந்தார்கள். அம்மா குனிந்து லேப்டாப்பில் விரலால் தேய்க்கும் பலகையை மெதுவாகத் தொட்டார். அம்புக்குறி இரண்டு முறை தவறி விலகியது. மூன்றாம் முறை கட்டத்தின் மேல் நின்றது. அவர் அந்தக் குறியை எடுத்தார்.

மணி நான்கு நாற்பத்தொன்று. அம்மாவின் போன் மேசைமேல் அதிர்ந்தது. நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி. வாழ்த்துச் சொல்லி, தளத்தின் முகவரி கொடுத்து, கடைசி வரியில் உங்கள் பதிவில் உள்ள மாணவர்கள்: 2 என்றிருந்தது.

அம்மா அதை இரண்டு முறை படித்தார். அழிக்கவில்லை.